ஆடிக் காற்றில் சாய்ந்த புடலைப் பந்தல்: பாவு பீம் குழாயைக் காலாக நடலாமா?

பழைய தறிக்காரன் (பல்லடத்துக்குத் தெற்கே) · ஆடி 9

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுப் பொடக்காலியில் (கொல்லைப்புறத்தில்) 20 அடிக்கு 16 அடியில் ஒரு பந்தல் போட்டிருந்தேன். மூன்று நாள் முன்பு வரைக்கும் அது நின்றுகொண்டிருந்தது. ஒன்பது சவுக்குக் கால், மூன்றுக்கு மூன்று வரிசை. தரைக்கு மேல் 7 அடி, மண்ணுக்குள் ஒன்றரை அடி. அதற்குக் கீழே தோண்ட முடியவில்லை. சுக்கான் கல், கெட்டியான சுண்ணாம்புப் பாறை. கடப்பாரையைப் போட்டால் கணீரென்று கையை உதறிவிடுகிறது. மேலே சுற்றிலும் 10 கேஜ் கம்பி, உள்ளே 14 கேஜ் கம்பியை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டியிருந்தேன். சித்திரைக் கடைசியில் விதை ஊன்றினேன். புடலை நாலு குழி, சுரை மூன்று, பீர்க்கு இரண்டு.

காய்ப்பு என்றால் அப்படி ஒரு காய்ப்பு. புடலங்காய் முழ நீளம் வந்ததும் வளையாமல் இருக்க நுனியில் கூழாங்கல் கட்டிவிடுவோம் இல்லையா, எங்கம்மா தினமும் காலையில் ஒரு சட்டி நிறையக் கல்லும் வாழைநாருமாக அங்கேதான் நிற்பார். ஆடி 6 ராத்திரி காற்று ஏறியது. படுத்திருந்தால் அந்தக் கல்லெல்லாம் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்கிறது. டொக்கு டொக்கு என்று. பத்துத் தறி ஓடுகிற குடோனுக்குள் தூங்கிப் பழகியவன் நான், அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை. இரண்டு மணி சுமாருக்குச் சத்தம் நின்றது. காற்று நிற்கவில்லை, கல் சத்தம் மட்டும் நின்றது. தறியில் நூல் அறுந்து ஓட்டம் நின்றால் வயிற்றில் ஒன்று செய்யும், அதே மாதிரி இருந்தது. எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தால் மொத்தப் பந்தலும் கிழக்கே பார்த்துப் படுத்திருக்கிறது.

காலையில் எண்ணினோம். 31 புடலை, 14 சுரை. தெரு முழுக்கக் கொடுத்தும் இன்னும் வீட்டில் கிடக்கிறது. மூன்று நாளாக வீட்டில் புடலங்காய்க் கூட்டும் சுரைக்காய்ப் பொரியலும்தான். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

பிரித்துப் பார்த்ததில் இரண்டு கால் தரைமட்டத்தில் முறிந்திருந்தது. உள்ளே மாவு மாவாக உதிர்கிறது, கறையான். நட்டு 14 மாதம்தான் ஆகிறது. மற்ற ஏழும் முறியவில்லை, மண்ணைப் பெயர்த்துக்கொண்டு அப்படியே சாய்ந்துவிட்டன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 22 வருஷம் தறி ஃபிட்டராக இருந்தேன். சொந்தமாக எட்டுத் தறி ஓடியது. நாலு வருஷம் முன்பு அதைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டோம். குடோன் இப்போது என் பட்டறை. 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், கிரைண்டர், ஒரு பழைய ட்ரில்லிங் மெஷின் இருக்கிறது. தறியைக் கொடுத்தபோது மனசு கேட்காமல் பாவு பீம் (நெடுக்கு நூலைச் சுற்றி வைக்கிற உருளை) ஆறை மட்டும் எடுத்து வைத்தேன். நல்ல கனமான குழாய், இரண்டு பக்கமும் வட்டத் தட்டு. அதைக் காலாக நடலாம் என்று யோசனை. சிக்கல் என்னவென்றால் ஒரு பீம் ஐந்தரை அடிதான் வரும். மேலே இரண்டு அங்குல ஜிஐ தண்ணீர்க் குழாய் வைத்து நீட்ட வேண்டும்.

எனக்குத் தெரிய வேண்டியது: பீமை நீட்டினால் இணைப்பு தாங்குமா? சுக்கான் கல்லில் எவ்வளவு ஆழம் போக வேண்டும்? ஒன்பதுக்குப் பதில் ஆறு கால் போதுமா? இல்லை, இந்தக் காற்றுக்கு எதை நட்டாலும் இதே கதிதானா?


தேங்காநார் · ஆடி 9

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று பெரியவர்கள் சொன்னது சும்மாவா. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்காகவே ஊரைச் சுற்றிக் கோடிக் கணக்கில் செலவு செய்து காத்தாடி நட்டிருக்கிறார்கள். அதே ஊரில் நீங்கள் சவுக்குக் குச்சி நட்டிருக்கிறீர்கள். பந்தலுக்குப் பதில் கரண்டு எடுத்திருக்கலாம் அண்ணா.

கிண்டலுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு சந்தேகம் கேட்கிறேன். ஒன்பது கால், ஒன்பது குழி என்கிறீர்களே. குழியை எங்கே போட்டீர்கள்?


பழைய தறிக்காரன் · ஆடி 9

கால் அடியில்தான். கொடி ஏற வசதியாக ஒவ்வொரு காலுக்கும் ஒரு குழி. பொடக்காலிக் குளியல் தண்ணீரும் வாய்க்காலாக அந்தப் பக்கம்தான் போகிறது.

எழுதும்போதே புரிகிறது.


கம்பம் பள்ளத்தாக்கு · ஆடி 10

அண்ணே, அதுதான் காரணம். தண்ணி ஊற்றி ஊற்றிக் கால் நிற்கிற மண்ணைச் சேறாக்கி வைத்திருக்கிறீர்கள். சேற்றில் ஒன்றரை அடி என்பது நட்டதாகவே கணக்கில்லை. கறையானும் அந்த ஈரத்துக்குத்தான் வந்திருக்கும். குழியை இரண்டு அடி தள்ளிப் போட்டு, கயிறு கட்டிக் கொடியை மேலே ஏற்றி விடுங்கள். செடிக்கும் அதுதான் நல்லது.

எங்கள் பக்கம் திராட்சைப் பந்தல் எல்லாம் கல்கால். பன்னீர் திராட்சை ஏறி நிற்கிற பாரம் உங்கள் புடலையைப் போலப் பல மடங்கு. கணவாய்க் காற்று எங்களுக்கும் உண்டு, ஆடியில் கம்பத்துக்கு வந்து பாருங்கள், சைக்கிளை மேற்கே மிதிக்க முடியாது. ஆனாலும் பந்தல் வருஷக் கணக்கில் நிற்கிறது. கல்லின் கனத்தால் மட்டும் நிற்கவில்லை அண்ணே. ஓரக்கால் நிற்கிற தோரணையைக் கவனித்தால் தெரியும்.

ஓரத்துக் கால் எதையும் நாங்கள் நேராக நடுவதில்லை. வெளிப்பக்கமாகச் சாய்த்து நடுவோம், தலை வெளியே பார்த்தபடி. அதன் தலையிலிருந்து ஸ்டே கம்பி இறங்கி, நாலடி தள்ளி மண்ணுக்குள் புதைத்த கல்லில் கட்டியிருக்கும். மேலே கம்பியை இழுத்து முறுக்க முறுக்க, கால் உள்ளே வர நினைக்கும், ஸ்டே வெளியே இழுக்கும். இரண்டும் இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் பந்தல் விறைப்பாக நிற்கிறது. உள்கால் எல்லாம் வெறும் முட்டுக்கொடுக்கத்தான். கட்டில் கயிறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு தொய்ந்தால் கட்டிலே ஆடும்.

உங்கள் பந்தலில் ஸ்டே இருந்ததா? எழுதவில்லை. இருந்திருக்காது.

புதைக்கிற கல்லுக்குச் செலவு வேண்டாம். உடைந்த ஆட்டுக்கல், அம்மி, வேலிக்கல் துண்டு எதுவானாலும் சரி. கனத்தைவிட அகலம் முக்கியம், மேலே இருக்கிற மண் அத்தனையும் சேர்ந்து பிடிக்க வேண்டும். 8 கேஜ் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, கல்லைப் படுக்கவைத்துப் புதைத்து, மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்துக் கெட்டியாக்குங்கள். மொத்தமாகக் கொட்டி மேலே நின்று மிதித்தால் கெட்டிப்படாது.


ஓய்ந்த வாத்தியார் · ஆடி 10

பாலிடெக்னிக் ஒன்றில் 31 வருஷம் பட்டறைப் பயிற்சி நடத்தியவன். கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பயந்துவிடாதீர்கள்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நாலு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் ஏழரை கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 60 என்றால் 17 கிலோ. 80 என்றால் 30 கிலோ. உங்கள் பந்தலின் மேற்குப் பக்கம் 16 அடி, இலையும் காயுமாகத் தொங்குவது இரண்டரை அடி என்று வைத்தால் 40 சதுர அடி, ஏறக்குறைய 3.7 சதுர மீட்டர். 60 கிலோமீட்டர் காற்றில் முன்வரிசை மட்டும் 63 கிலோ தள்ளுவிசை வாங்கும். பின்னால் தொங்கும் காய்களையும் இலையையும் சேர்த்தால் தோராயமாக இரண்டு மடங்கு. ஒன்பது காலுக்குப் பிரித்தால் காலுக்கு 14 கிலோ. இது ஒரு பாரமா என்று தோன்றும். ஆனால் அது 7 அடி உயரத்தில் தள்ளுகிறது, மண் பிடிப்பதோ ஒன்றரை அடி. நெம்புகோல் கணக்கில் அடியில் நாலைந்து மடங்காகிவிடும். ஏழடிக் கடப்பாரையால் ராத்திரி முழுக்க ஆட்டி ஆட்டி நெம்புவதும் இதுவும் ஒன்றுதான். ஒரே தள்ளாகத் தள்ளினால்கூடத் தாங்கியிருக்கும். ஆட்டியதில்தான் மண் தளர்ந்தது.

அதனால் உயரத்தைக் குறையுங்கள். 7 அடியை ஆறரையாக்கினாலே கொஞ்சம் மிச்சம்.

இணைப்பு பற்றி. காலில் வளைவு விசை அதிகம் வருவது தரைமட்டத்தில். அங்கிருந்து மேலே போகப் போகக் குறையும். ஆகையால் பீம் குழாய் கீழே, நீட்டும் குழாய் மேலே. இணைப்பு தரைக்கு மூன்றடிக்கு மேலே வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். முட்டோடு முட்டு வைத்து வெல்டிங் அடிக்காதீர்கள். ஜிஐ குழாய் பீமுக்குள் ஓரடி இறங்க வேண்டும். இடைவெளி இருந்தால் தகட்டைச் சுருட்டிச் சொருகுங்கள். பீமின் வாயில் சுற்றிலும் ஒரு வெல்டு, அதற்குக் கீழே எட்டங்குலத்தில் பீமில் இரண்டு ஓட்டை போட்டு அந்த ஓட்டையை நிரப்பி ஒரு வெல்டு. அப்புறம் அது ஒரே குழாய்தான்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஜிஐ குழாயின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. அப்படியே வெல்டிங் அடித்தால் வெள்ளையாகப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தால் சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் வந்து படுக்க வைத்துவிடும். பையன்களுக்கு வருஷா வருஷம் சொல்வேன், வருஷா வருஷம் ஒருவன் படுப்பான். வெல்டு விழும் இடத்தில் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைக் கிரைண்டரில் தேய்த்து எடுங்கள். அந்தத் தூளையும் மூச்சில் வாங்காதீர்கள். வேலையைக் குடோனுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம், வெளியே காற்று முதுகுப் பக்கமாக வருகிற மாதிரி நின்று அடியுங்கள். இந்த ஒரு வேலைக்கு உங்கள் ஊர் ஆடிக் காற்று உதவும்.

ஜிஐ குழாய் மெலிசு, 2.5 மி.மீ. ராடில் 70 ஆம்பியர் பக்கம் ஆரம்பியுங்கள். ஏற்றினால் ஓட்டை விழும்.


தேங்காநார் · ஆடி 10

வாத்தியாரய்யா, நானும் ஒரு பாலிடெக்னிக்கில் அப்படிப் படுத்த பையன்தான்.


மன்னார்குடிப் பக்கம் · ஆடி 11

அண்ணா, நான் உங்கள் காற்று ஊர்க்காரி இல்லை. எங்களுக்கு வருவது வேறு காற்று. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. விடிந்து வெளியே வந்தபோது எங்கள் தென்னந்தோப்பில் நின்ற மரத்தை ஒரு கை விரலில் எண்ணிவிட்டேன். அதற்கப்புறம் பந்தல் போடுகிறபோது நான் ஒரே ஒரு விஷயம்தான் பார்ப்பேன். எது முதலில் அறுந்தால் நஷ்டம் குறைவு?

நீங்கள் எல்லாவற்றையும் கம்பியாலேயே கட்டியிருக்கிறீர்கள். கம்பி அறுந்திருக்காது, காலைத்தான் பிடுங்கியிருக்கும். சுற்றுக்கம்பியும் ஸ்டேயும் கம்பியாகவே இருக்கட்டும். உள்ளே கொடி படர்கிற வலையை மட்டும் கயிற்றில் போட்டு, அந்த வலையைச் சுற்றுக்கம்பியோடு மெல்லிய தேங்காய்நார்க் கயிற்றால் முடிச்சுப் போடுங்கள். தாங்க முடியாத காற்று வந்தால் முடிச்சு அறுந்து ஒரு பக்கம் வலை தொங்கும். அந்தப் பக்கத்துக் காய் போகும். கால் நிற்கும். மறுநாள் ஏணி போட்டு ஏறி மறுபடி கட்டிக்கொள்ளலாம். போன வருஷம் எனக்கு அப்படித்தான் ஒரு மூலை தொங்கியது. அரைமணி நேர வேலை.

நார்க்கயிறு ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது, மழையில் இற்றுவிடும். இற்றாலும் பரவாயில்லை, வருஷம் ஒரு முறை மாற்ற வேண்டியதுதான். நைலான் கயிறு வேண்டாம், அது அறுபடாது.

ஜிஐ கம்பியில் வெயில் நேரத்தில் இளங்கொடி பட்டு நுனி கருகுவதையும் பார்த்திருக்கிறேன். கயிற்றில் அந்தத் தொல்லையும் இல்லை.


கம்பம் பள்ளத்தாக்கு · ஆடி 11

அக்கா சொல்வது வீட்டுப் பந்தலுக்குச் சரி. ஏக்கர் கணக்கில் போடுகிறவர்கள் கயிறு மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அண்ணனுடையது 320 சதுர அடிதானே, செய்யலாம்.


உடுமலைக் காட்டுக்காரர் · ஆடி 12

நான் பக்கத்து ஊர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே காற்று. எல்லோரும் காலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் விதையைப் பற்றிப் பேசுகிறேன்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்களே தவிர, ஆடியில் காய் பறி என்று யாரும் சொல்லவில்லை. நீங்கள் சித்திரைக் கடைசியில் ஊன்றிவிட்டீர்கள். புடலையும் சுரையும் 60 நாளில் பந்தலை மூடிக் காய்த்துவிடும். அதாவது காற்று எப்போது உச்சமோ, அப்போது உங்கள் பந்தலும் உச்சபட்ச பாரத்தோடு, ஓட்டை இல்லாத பாய்போல விரிந்து நிற்கிறது. பாய்மரம் கட்டிய மாதிரி. இதே பந்தல் வெறும் கம்பியாக இருந்திருந்தால் சவுக்குக்கால்கூட நின்றிருக்கும்.

ஆனியிலும் ஆடியிலும் பந்தலை வெறுமனே விடுங்கள். ஆடிக் கடைசியில் ஊன்றுங்கள். கொடி தரையிலும் கயிற்றிலும் இருக்கிறபோது ஆவணிக் காற்று போய்விடும். புரட்டாசியில் காற்று அடங்குகிறபோது மேலே மூடும். ஐப்பசி மழைக்குக் காய்ப்பில் இருக்கும். அது முடிகிறபோது அதே பந்தலில் அவரையை ஏற்றினால் மார்கழி, தை பனிக்குப் பூவெடுக்கும். அப்புறம் தைப்பட்டத்தில் மறுபடி ஒரு பாகலோ பீர்க்கோ போட்டுச் சித்திரைக்குள் முடித்துக்கொள்ளலாம். வருஷத்தில் மூன்று மாசம் பந்தல் சும்மா இருப்பதில் குறைந்துபோக ஒன்றுமில்லை.

எங்கள் அய்யன் ஆனி மாசம் பந்தலில் கொடியைப் பார்த்தால் இழுத்துக் கீழே போட்டுவிடுவார். சின்ன வயதில் எங்களுக்குக் கோபம் வரும்.

மேற்குப் பக்கம் வேலியோரம் கொஞ்சம் மறைப்பு இருந்தாலும் நல்லது. சுவர் வேண்டாம், சுவரைத் தாண்டி விழுகிற காற்று சுழன்று அடிக்கும். கிளுவை வேலியும் அதற்குள் நாலைந்து அகத்தியும் இருந்தால் காற்று வடிகட்டி வரும். அகத்தி காற்றுக்கு முறியும், முறிந்தால் ஆட்டுக்குப் போட வேண்டியதுதான்.


பழைய தறிக்காரன் · ஆடி 13

எல்லோருக்கும் நன்றி. எங்கம்மாவிடம் உடுமலைக்காரர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "இதைத்தானேடா நானும் சித்திரையிலேயே சொன்னேன்" என்றார். சொன்னாராம். நான் வெல்டிங் சத்தத்தில் கேட்கவில்லையாம்.

இரண்டு விஷயம் இன்னும் கேட்க வேண்டும். பீமின் கீழ்ப்பக்க வட்டத் தட்டை அறுத்து எடுக்காமல் அப்படியே குழிக்குள் விட்டால் என்ன? மேலே காற்று தூக்கினாலும் தட்டுக்கு மேல் மண்ணும் கான்கிரீட்டும் உட்கார்ந்திருக்குமே. அதேபோல் கான்கிரீட் போட்டால் இரும்பு துருப்பிடிப்பது தரைமட்டத்தில்தான் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?


ஓய்ந்த வாத்தியார் · ஆடி 13

தட்டை விடுங்கள், அருமையான யோசனை. ஆனால் தட்டுக்கு அடியில் காலி இடம் இல்லாமல் முதலில் மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே தட்டை அதன் மேல் அழுத்தி உட்கார வையுங்கள். தட்டில் ஓட்டை இருந்தால் மூட வேண்டாம், கலவை அதன் வழியாக ஏறிப் பிடித்துக்கொள்ளும்.

துரு பற்றி உங்கள் நண்பர் சொன்னது சரி. ஈரமும் காற்றும் சேர்கிற இடம் அது. கான்கிரீட்டைத் தரைமட்டத்தோடு நிறுத்தாமல் மூன்று அங்குலம் மேலே ஏற்றி, தலையைக் கூம்பு மாதிரி சரித்துப் பூசுங்கள். மழைத்தண்ணீர் குழாயைச் சுற்றித் தேங்காமல் வழிந்தோட வேண்டும். கான்கிரீட்டுக்கு மேலும் கீழும் அரையடிக்கு ரெட் ஆக்ஸைடு (துரு தடுக்கும் பெயிண்ட்) அடித்து, காய்ந்ததும் அதன் மேல் தார். குழாயின் மேல் வாயையும் அடைத்துவிடுங்கள். திறந்திருந்தால் உள்ளே மழைத்தண்ணீர் நின்று உள்ளிருந்தே அரிக்கும். தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்தால்கூடப் போதும்.


கம்பம் பள்ளத்தாக்கு · ஆடி 13

சிரட்டை பறந்துவிடும் வாத்தியாரே.


பழைய தறிக்காரன் · ஐப்பசி 14

கேட்டுவிட்டு ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். வேலை முடிந்து காயும் பறித்தாகிவிட்டது. எழுதுவதற்கு இன்றைக்குத்தான் மழை விட்டது, அதாவது விடவில்லை, மழையால் வெளியே போக முடியவில்லை.

ஆறு பீம், மூன்று வரிசையில் இரண்டிரண்டாக. பந்தலை 18 அடிக்கு 12 அடியாகச் சுருக்கிவிட்டேன். சுக்கான் கல்லை உடைக்கத்தான் ஆள் அம்பு எல்லாம் தேவைப்பட்டது. முதல் நாள் முழுக்க இரண்டு குழிதான் ஆயிற்று. ஒரு வழி கண்டுபிடித்தேன்: குழியில் ராத்திரி நாலு குடம் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் காலையில் மேல் அரையடி கடப்பாரைக்கு இளகிக் கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். இப்படி ஒரு வாரம். இரண்டேகால் அடி போனேன். பீம் தட்டு குழிக்குள் போக வேண்டுமே, அதனால் குழியும் அகலம். என் தம்பி வந்து பார்த்துவிட்டு, பந்தலுக்கா கிணத்துக்கா என்று கேட்டுவிட்டுப் போனான்.

வெல்டிங்கில் வாத்தியார் சொன்னபடி பூச்சைத் தேய்த்தேன். ஐந்து குழாய்க்கு. ஆறாவதுக்குப் பொழுது போய்விட்டது, ஒன்றுதானே என்று அப்படியே அடித்துவிட்டேன். ராத்திரி எட்டு மணிக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. போர்வைக்குள் கிடந்தபோது அவர் நினைவுதான். காலையில் சரியாகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை, மழையில் நனைந்ததாகச் சொல்லியிருக்கிறேன். ஆடியில் எங்கள் ஊரில் மழை ஏது என்று அவள் கேட்கவில்லை.

இன்னொன்று, எங்கள் பக்கம் மோட்டார் எல்லாம் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடுகிறது. 70 ஆம்பியர் வைத்தால் ராடு ஒட்டிக்கொள்கிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து அடித்தால் வெண்ணெய் மாதிரி போகிறது. யாருக்காவது உதவும்.

ஸ்டேக்கு அம்மியைக் கேட்டேன். எங்கம்மா கொடுக்கவில்லை. அவர் மாமியார் அரைத்த அம்மியாம், மிக்ஸி வந்து 25 வருஷம் ஆகிறது, இருந்தாலும் மண்ணுக்குள் போகக்கூடாதாம். கட்டுத்தாரையில் கன்றுக்குத் தண்ணீர் வைக்கிற உடைந்த ஆட்டுக்கல் ஒன்று இருந்தது. அதையும் இரண்டு வேலிக்கல் துண்டும் மேற்குப் பக்கம் புதைத்தேன். கிழக்கே சும்மா ஒரு துண்டு. நாலு மூலைக்காலும் வெளியே சாய்த்துதான் நட்டிருக்கிறது. நேராக நடத் தெரியாதவன் நட்டது போல் இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். கம்பியை முறுக்கியதும் தட்டிப் பார்த்தேன், தறியில் பாவு இழுத்துக் கட்டினால் வருமே, அந்த மாதிரி ஒரு விறைப்பு. அது தெரிந்த பிறகுதான் நிம்மதி.

விதை ஆடி 25-ல். குழி இரண்டடி தள்ளி. மன்னார்குடி அக்கா சொன்ன நார்க்கயிறு முடிச்சுதான். புரட்டாசி பத்துத் தேதிவாக்கில் மேலே மூடியது. அதற்குள் காற்றும் போய்விட்டது. இதுவரைக்கும் புடலை 40-க்கு மேல், எண்ணுவதை நிறுத்திவிட்டோம். போன வாரம் இடியோடு ஒரு மழை வந்தது, அதில் தென்மேற்கு மூலையில் மூன்று முடிச்சு அறுந்து வலை தொங்கியது. அக்கா, அரைமணி நேரம் இல்லை, எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஏணி பிடிக்க ஆள் இல்லை.

குறை என்று சொல்ல இரண்டு. ஆறரை அடியில் காய் தொங்கினால் எனக்கும் மகனுக்கும் தலையில் இடிக்கிறது. கல் கட்டிய புடலங்காய் நெற்றியில் பட்டால் தெரியும். எங்கம்மாவுக்கு மட்டும் ரொம்ப வசதி, இப்போது முக்காலி போடாமலே பறிக்கிறார். அடுத்தது, ஸ்டே கம்பியில் இருட்டில் கால் தடுக்கி ஒரு முறை விழுந்தேன். பழைய வேட்டியைக் கிழித்து நாலு கம்பியிலும் கட்டியிருக்கிறேன்.

சாய்ந்த சவுக்குக்கால் ஏழில் நாலு வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று. மீதி மூன்றின் அடியைக் கரியாகும்வரை சுட்டுத் தார் அடித்து வைத்திருக்கிறேன், அவரைக்குக் கிழக்கே தனியாக ஒரு சின்னப் பந்தல் போடலாமா என்று. உடுமலைக்காரர் இருந்தால் சொல்லுங்கள், கார்த்திகை முதல் வாரம் ஊன்றினால் பிந்திவிடுமா?


உடுமலைக் காட்டுக்காரர் · ஐப்பசி 15

பிந்தத்தான் செய்யும். இன்றைக்கே ஊன்றுங்கள், மண் ஈரமாக இருக்கிறது. பந்தலை அப்புறம் போடலாம், கொடி ஏற எப்படியும் மூன்று வாரம் ஆகும். கொழுந்தில் அசுவினிப் பூச்சி வந்தால் சாம்பல் தூவுங்கள், வெந்நீர் அடுப்பில் நாலு கால் எரித்த சாம்பல் இருக்குமே.